எழுபத்தொரு நாள் வேலை செய்தவர்

கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. தமிழிலும் நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அச்சில் வார்த்த மாதிரி எழுதுவேன். பெரும்பாறைக்கு மேலே இருந்த அந்தக் காப்பித் தோட்டத்துக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது.

தோட்டம் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனிக்கு ஒரு நாட்டில் தேயிலை, இன்னொரு நாட்டில் ரப்பர், வேறெங்கோ பிஸ்கட் ஆலை. எந்த நாட்டில் தொழில் செய்தாலும் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும், தொழிலாளர் சட்டப்படி பட்டியல் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் சொந்த ஊர் அரசாங்கத்துக்கும் காட்ட வேண்டும். அதுவரை அதைக் கையாலேயே செய்துவந்தார்கள். பிறகு இதற்கென்றே ஒரு புரோகிராம் செய்து, மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த புரோகிராம் மிஷன் பள்ளியில் கிறிஸ்துமஸுக்கு நடப்பது ஒன்றுதான்.

அதைச் சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கட்டம் கட்டமாக அச்சடித்த தாள்களை மேஜையில் பரப்பினார். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண், பெயர், மூன்று மாதத்தில் வேலை செய்த நாள், சம்பளம்.

"காலிக் கட்டம் மட்டும் இருக்கவே கூடாது சார்," என்றார். என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். "காலியா விட்டீங்கன்னா மிஷின் போன தடவை என்ன இருந்ததோ அதையே போட்டுக்கும். அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்."

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை மீசையைத் தடவினார். வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பி, வருகை குறிப்பவர் அவர். "அப்ப நான் சம்பளக் கட்டத்தை மட்டும் நெரப்பிட்டு மத்ததைக் காலியா விட்டுட்டு வீட்டுல கெடக்கலாம்லங்க?"

அதிகாரி சிரிக்கவில்லை. கொடைக்கானலில் போட் எத்தனை மணிவரை விடுவார்கள் என்று கேட்டார்.

தாள்களை நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். மெட்ராஸில் அதை மிஷினுக்கு ஏற்றுவார்கள். சில வாரங்களில் பட்டியல் திரும்பி வரும். அகலமான தாள், இரண்டு ஓரத்திலும் துளைகள், வெளிறிய பச்சைக் கோடுகள். மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே போகலாம். அந்தப் பட்டியலைத் தொழிலாளர் முன்னிலையில் வாசித்து, ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்று தோட்டத்து மானேஜரான துரை கையெழுத்துப் போட வேண்டும் என்பது புரோகிராமோடு வந்த விதி. துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

காலையில் ஆள் கூடும் இடத்தை எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்களம் என்பார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த சொல் அது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அவர்கள்தான். மழைக்காலத்திலும் மார்கழியிலும் அந்த நேரத்தில் மஞ்சு இறங்கி மூடுபனியாக நிற்கும். முன்வரிசை முகம் தெரியும். அதற்குப் பின்னால் கம்பளிகள். அதற்கும் பின்னால் வெறும் குரல்கள். நான் பெயரையும் நாள் கணக்கையும் வாசிப்பேன். "இருக்கேங்க" என்று பதில் வரும். கூட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, தாளைப் பார்த்தால் போதும் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் பட்டியலை வாசித்தபோது பாதியில் ஒரு பெயர் வந்தது. ஆண் பெயர். எழுபத்தொரு நாள். சம்பளம் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் மட்டும். அப்படி ஓர் ஆளுக்கு நான் தாள் நிரப்பியதாக நினைவில்லை. ஆனாலும் வாய் வாசித்துவிட்டது.

பதில் இல்லை. மஞ்சுக்குள் யாரோ இருமினார்கள். பழக்கத்தில் இன்னொரு தடவை வாசித்தேன்.

"இருக்காருங்க," என்றது ஒரு பெண் குரல்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் நின்ற அக்கா அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தனியாக இலங்கையிலிருந்து வந்தவர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. சந்தையில் விலை சொல்கிறவர் மாதிரி இன்னொரு முறை சொன்னார். "எம் வூட்டுக்காரரு. இருக்காருங்க."

அவருடைய புருஷன் கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் நடுவில், கப்பலேறுவதற்கு இரண்டு நாள் முன்னால், அடுத்த தோட்டத்தில் இருந்த தாயைக் கூட்டிவரப் போனவர் திரும்பவில்லை. தாயும் வரவில்லை. அந்தப் பக்கம் கலவரம் என்றார்கள், மண்சரிவு என்றார்கள். பேர் பதிந்த நாளில் ஏறாவிட்டால் அந்தச் சீட்டு செல்லாது என்றதால் இவர் தனியே ஏறினார். தலைமன்னார், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. ஒரு கடிதம்கூட வந்ததில்லை. தாலியும் குங்குமமும் அப்படியே இருந்தன. "புருஷன் கடலுக்குள்ள ரோட்டுப் போட்டு வாரான் போல" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குத்துவார்கள். அவர் கேட்டுக்கொண்டு போவார்.

அன்று ஆபீசுக்குப் போய்ப் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். ஆள் பதியும் தாளில் ஒரு கட்டம் உண்டு. இதே கம்பெனியின் வேறு தோட்டத்தில் முன்பு வேலை செய்திருந்தால் அந்தப் பழைய எண்ணை அதில் எழுத வேண்டும். பதிகிற அன்று அக்கா முந்தானையில் முடிந்திருந்த ஒரு தகரத் துண்டை எடுத்து வைத்தார். அதில் அடித்திருந்த எண்ணை நான் நேர்த்தியாக எழுதினேன். அது யாருடையது என்று கேட்கவில்லை. இலங்கையில் அவர்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டமும் எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்ததுதான். எண் புருஷனுடையது. மிஷின் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தன் பழைய பட்டியலுக்குள் இறங்கி, ஆளை எடுத்துவந்து எங்கள் தாளில் நிறுத்தியிருந்தது.

திருத்தம் அனுப்ப வழி இருந்தது. துரையிடம் போய்க் காரணம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு தடவை துரை அறை வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டேன். அவர் பெயருக்கு நேரே எதுவும் எழுதாமல் அடுத்த தாளை அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் புருஷன் மறுபடி பட்டியலில் வந்தார். எழுபத்தொரு நாள். நட்சத்திரங்கள்.

"இருக்காருங்க," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு பட்டியல் வந்திருக்கிறது என்று தெரிந்தால், அன்று சாயங்காலம் பறித்த காப்பியையோ மிளகையோ எடைக்கொட்டகையில் போட்டுவிட்டு அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"எத்தனைங்க கிளாக்கரய்யா?"

"எழுபத்தொண்ணுக்கா."

"போன வாட்டியும் அதானே?"

"ஆமாக்கா."

"மழையோ வெயிலோ, ஒரே மாதிரிதான் போவாரு. மனுஷன் அப்படித்தான்." சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

தோட்டமும் மெல்ல அதற்குப் பழகியது. அதுதான் இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது. முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. வாசிக்கும்போது அந்தப் பெயர் வரும் இடத்தில் கூட்டம் தானாக அமைதியாகும். அக்காவுக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒருநாள் கணக்கப்பிள்ளை ஆட்களைத் தலை எண்ணிக்கொண்டு போனார். அந்த வெற்றிடத்துக்கு வந்ததும் அவர் விரல் ஒரு தடவை மடிந்தது. எண்ணி முடித்துக் கணக்கு ஒன்று கூடுகிறது என்று மறுபடி எண்ணினார். மறுபடியும் கூடியது.

"ஏலே தம்பி, நீ வந்து எண்ணுலே," என்றார் என்னிடம். நான் எண்ணினேன். சரியாக இருந்தது. "கண்ணுல பொறை விழுந்துருச்சு போல," என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வரிசையை மட்டும் என்னை எண்ணச் சொல்வார்.

அந்த மெட்ராஸ் அதிகாரி அடுத்த வருஷமும் வந்தார். துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, யாரையும் குறிப்பிடாமல், இலங்கை எண்கள் பட்டியலில் வருமா என்று கேட்டேன்.

"வருமே," என்றார். "அங்கே தோட்டத்தையெல்லாம் அந்த அரசாங்கம் எடுத்துக்கிட்டது தெரியுமில்ல? ஆனா அந்த வருஷத்து வரி வழக்கு இன்னும் முடியலை. முடியுற வரைக்கும் அந்த ஆட்களை லிஸ்ட்லேருந்து எடுக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. கடைசியா வந்த தாள்ல எத்தனை நாளோ, அதையே மிஷின் போட்டுட்டு வரும்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஆயிரக்கணக்கான பேர் சார். யாரும் லீவு எடுக்கறதில்லை, யாரும் சாகறதில்லை. கேஸ் முடியணும், அப்பத்தான் போக முடியும்."

இந்தத் தடவை அவர் சிரித்தார்.  ஒரு மலை நிறைய ஆட்கள் கூடையைக் கட்டிக்கொண்டு, எழுபத்தொரு நாள், எழுபத்தொரு நாள் என்று ஒரே தேயிலை வரிசையில் நடந்துகொண்டிருப்பது மாதிரி மனசுக்குள் வந்தது.

ஆக, எழுபத்தொன்றுக்கு அர்த்தம் இல்லை. அது அவர் கடைசியாக வேலை செய்த மூன்று மாதத்துக் கணக்கு. அவ்வளவுதான். அக்காவிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் சொல்லத்தான் வாயெடுப்பேன். "எத்தனைங்க?" என்பார். "எழுபத்தொண்ணு" என்பேன். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது.

அக்காவின் அண்ணன் அவருக்கு முன்பே இந்தியா வந்து, பழனி அடிவாரத்தில் மாலை கட்டி விற்பவர். அவர் மகனுக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. காரியம் செய்யப்படாத உயிர் ஒன்று குடும்பத்தைச் சுற்றுகிறது என்று யாரோ ஜாதகம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்ப்பது வழக்கம். அதற்குமேல் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, எல்லாக் காரியமும் முடித்துவிடலாம். பன்னிரண்டு முடியப்போகிறது. அண்ணன் ஒருநாள் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கே வந்து ஆபீஸ் வாசலில் வைத்துச் சத்தம் போட்டார்.

"அமாவாசைக்கு நாள் குறிச்சாச்சு. வெள்ளனே வந்து சேரு. சண்முகநதியில வெச்சு முடிச்சுருவோம்."

"உசுரோட இருக்க மனுசனுக்கா?"

"எங்க இருக்கான்? காட்டு பாப்போம்!"

அக்கா ஜன்னல் வழியாக என்னைக் காட்டினார். "கிளாக்கரய்யாவக் கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா கம்பெனியே எழுதி அனுப்புது."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஆமாங்களா தம்பி?"

நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். "நீ வராட்டியும் சோலிய முடிச்சுருவேன். எம் புள்ளை பொழைக்கணும்."

அதே வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு தனித் தாள் வந்தது. வரி வழக்கு முடிந்துவிட்டது. பழைய எண்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். ஆள் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு. எங்கள் தாளில் ஒரே ஒரு எண். தாளின் அடியில் நிரப்புபவர் கையெழுத்துப் போட இடம்.

பேனாவை எடுத்தேன், வைத்தேன். ஒன்று என்று போட்டால் பொய். இரண்டு என்று போட்டால் என் கையால் ஓர் ஆளை முடிப்பது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடைக்கொட்டகைக்குப் போனேன். கடைசி ஆளாக அக்கா சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். நடுப்பகல்தான். ஆனால் மஞ்சு இறங்கி, எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு, மிஷினின் வழக்கம், எழுபத்தொன்று எதனால் என்பது, இரண்டு வருஷம் தெரிந்தும் சொல்லாதது.

அவர் முடிச்சை இறுக்கி முடித்தார்.

"எம் நம்பர் எனக்குத் தெரியாதா கிளாக்கரய்யா? அது அவரு நம்பருன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."

நான் நிமிர்ந்தேன்.

"ஒரு ராத்தல் கொழுந்து கொறஞ்சாக்கூடக் கம்பெனிக்காரன் தேடிக் கண்டுபுடிச்சிருவான். கவுருமெண்டு தேடல, எங்கண்ணன் தேடல. இவனாவது தேடட்டும்னு குடுத்தேன். தேடித்தானே எடுத்துக் குடுத்தான்?"

"அது பழைய கணக்குக்கா."

"இருக்கட்டும்." சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார். "இதுல நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"தெரியலக்கா."

"அடுத்த பட்டியல்ல அவரு பேரு இல்லைன்னா தாலிய நானே கழட்டிடறேன். எங்கண்ணன் சொல்லி இல்ல. எதுக்கும் ஒரு தாக்கல் தகவல் வேணுமில்ல?" சாக்கைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று கட்டத்தைக் காலியாக விட்டேன். வேறெதுவும் எழுதாமல் கீழே கையெழுத்து மட்டும் போட்டுத் தபாலில் சேர்த்தேன். வந்தால் எழுபத்தொன்றுதான் வரும், இல்லாவிட்டால் பெயரே வராது. இரண்டில் எதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்.

அமாவாசையன்று அக்கா பழனிக்குப் போகவில்லை. வழக்கம்போல் பெரட்டுக்கு வந்து தன் இடத்தில் நின்றார். இடது பக்கத்து இடம் அன்றும் இருந்தது. அண்ணன் சொன்னபடி சண்முகநதிக் கரையில் உருவம் செய்து, தீ வைத்து, எல்லாம் முடித்துவிட்டதாகப் பூ வண்டிக்காரர் மூலம் தகவல் அனுப்பினார். தாலியைக் கழற்றிக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார். அக்கா கொடுக்கவில்லை. ஆனால் லயத்தில் ஒரு வளைகாப்புக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள். குழாயடியில் எதிரே வந்தால் பெண்கள் நின்று, அவர் போன பிறகு நடந்தார்கள். பட்டியலுக்காக அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

பட்டியல் வந்த அன்று முன்கூட்டிப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரட்டுக்களத்தில்தான் பிரித்தேன். அன்று காலை மஞ்சு மிக அடர்த்தி. தாள் நனைந்து கையில் ஒட்டியது. அக்காவின் பெயரை வாசித்தேன். "இருக்கேங்க." அடுத்த வரி இருந்தது. அவர் புருஷன் பெயர் இருந்தது. நட்சத்திரங்கள் இருந்தன. நாள் கணக்கைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"எழுபத்திரண்டு," என்று வாசித்தேன்.

கணக்கப்பிள்ளை என் தோளுக்கு மேலாக எட்டித் தாளைப் பார்த்தார். 

"இருக்காருங்க," என்றார் அக்கா.

சாயங்காலம் ஜன்னலுக்கு வந்தார். இந்தத் தடவை எத்தனை என்று கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள் கூடியிருக்கு."

"ஆமாக்கா. மெட்ராஸ்ல தட்டுற பிள்ளை கை தவறியிருக்கும்."

"இருக்கும்," என்றார். பிறகு, நான் அவரிடம் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்போடு சொன்னார்: "தீ வெச்ச அன்னைக்கும் வேலைக்குப் போயிருக்காரு பாருங்களேன், அந்த மனுசன்."

அடுத்த பட்டியல் வரவில்லை. கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டது. புது முதலாளிக்குக் கட்டம் போட்ட தாள்கள் தேவைப்படவில்லை. நான் ஆடலூரில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கெழுதப் போய்விட்டேன். அக்கா அங்கேயே இருந்தார். வருஷங்கள் கழித்து ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பெரும்பாறை நிறுத்தத்தில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. மூட்டையின் ஓரமாக, ஒரு பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கூட்டம். ஆனாலும் இறங்கி வந்த யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை.